நடுப்புள்ளி

ஊர்ப் பெயர் சொல்லாமல்
'திருவாரூர் மாவட்டம்' என்று மட்டும் போடுகிற பதிவுகளைக்
கருவி எங்கே கொண்டுபோய் வைக்கும் தெரியுமா?
மாவட்டத்தை அட்டையில் வெட்டி
ஊசிமுனையில் நிறுத்தினால்
சாயாமல் நிற்க ஓரிடம் இருக்குமே,
அங்கே.

ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி.
மூன்று திரை, ஓடாத ஒரு மின்விசிறி,
ஒப்பந்தச் சம்பளத்தில் நானும் நிஜாமுதீனும்.
மழை பற்றி யார் எது எழுதினாலும்
படத்தில் புள்ளியாக விழும்.
உதவி கேட்டால் சிவப்பு. திட்டினால் மஞ்சள்.
பஜ்ஜியும் சன்னலும் என்றால் பச்சை.

ஒரு நாள் இரவு
அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன.
கூத்தாநல்லூர் முழுக்கக் கிளம்பிப் போய்
வடதுருவத்துப் பனிக்கடலில் தத்தளித்தது.
நிஜாமுதீன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அதில் ஒன்று அவன் தெரு.
பிறகு சிரிக்கவில்லை.

ஷார்ஜாவில் தனியாக ஒரு சிவப்பு:
'கோட்டூர் பக்கம் அம்மா மட்டும் இருக்காங்க,
வாசப்படி வரைக்கும் தண்ணி, போன் எடுக்கல.'
பாலைவனத்தில் வெள்ளம்
என்று குறித்துக்கொண்டது கருவி.
டவர் சாய்ந்த தொண்டியக்காட்டில்
ஒரு புள்ளியும் இல்லை.
நலம் போலிருக்கிறது
என்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் விடியலில்
அதிகாரி திரைக்கு அருகில் வந்து
ஆகச் சிவந்த இடத்தில் விரலை வைத்தார்.
நாலாயிரத்துச் சொச்சம் பேர். ஒரே இடம்.
இது வெறும் நடுப்புள்ளி சார் என்றேன்.
எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன்.
ரப்பர் படகு லாரியில் ஏறியது.
வழிகாட்ட நானும்.

வாய்க்கால் கரையோடு ஒரு கிலோமீட்டர்.
முழங்கால் தண்ணீரில் சம்பாப் பயிர்.
வரப்பை வெட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
இருதயமேரி. ஒன்றே முக்கால் மா, குத்தகை.
நிமிர்ந்து படகைப் பார்த்தாள்,
அதைத் தூக்கி நின்ற ஆறு பேரையும்.
'யாருக்கு?'
'இங்கேருந்து நாலாயிரம் பேர் உதவி கேட்டிருக்காங்க.'
'இங்க நான் ஒருத்திதான் நிக்கிறேன்.
நான் கேக்கலியே.'

போனைக் காட்டினேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.
மண்டபத்தில் தண்ணி புகுந்த கல்யாணம்,
யாரோ ஒரு வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள்,
கட்டிலுக்கடியில் சாரை,
இனிமேல் பேசாதே என்று ஒருத்தன்,
பால் பவுடர், பால் பவுடர், பால் பவுடர்.
'இவ்வளவு பேருமா என் வயல்ல நிக்கிறாங்க?
மிதிச்சே அழிச்சிருப்பாங்களே.'
பால் பவுடரில் மட்டும்
கட்டை விரல் கொஞ்சம் நின்றது.
'இந்தப் பிள்ளைக்குப் போச்சா?'
எனக்குத் தெரியவில்லை.

மதகு வெங்காயத்தாமரையில் அடைத்துக் கிடந்தது.
வந்ததுதான் வந்தீங்க, என்றாள்.
ஆறு பேரும் இறங்கினார்கள்.
வேரும் சேறும் பாட்டிலும்
ஒரு பழைய செருப்பும் வெளியே வர
தண்ணீர் முதலில் தயங்கி,
பிறகு ஒரு சத்தத்தோடு போனது.
பயிர் நுனி நாலு விரல் தெரிந்தது.
படகு கரையில் காய்ந்தது.
அறிக்கையில் எழுதினேன்:
மீட்கப்பட்டோர், இல்லை.

மறுநாள் கருவியைத் திருத்தினோம்.
இடம் சொல்லாதவை இனி எங்கும் விழாது,
ஓரத்தில் ஒரு பட்டியலாக நிற்கும்.
அவள் வயல் இப்போது படத்தில் சுத்தம்.
தொண்டியக்காடு போலவே சுத்தம்.
நிஜாமுதீன் நன்றாயிருக்கு என்றான்.
நான் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
வரப்பு கூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது
அவள் போன் நம்பரைக் கேட்டிருந்தேன்.
மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
'எதுக்கு, மறுபடியும் படகா?'