சென்னையில் யார் உழுகிறார்கள்

கப்பலூர் தொழிற்பேட்டை, நான்காவது குறுக்கில்
ரோட்டவேட்டர் கத்தி விற்கிறேன்.
எல் வடிவம், சி வடிவம், போல்ட் நட்டோடு.
தம்பியின் மச்சினன் இணையதளம் போட்டுக் கொடுத்தான்.
வந்து பார்த்தவர் கணக்கு
காலையில் தினமும் திறந்து பார்ப்பேன்:
ஒரு வரைபடம், அதில் நீலப் புள்ளிகள்.

சென்னை அறுபத்தொன்று.
மும்பை இருபத்திரண்டு.
மதுரை மூன்று.
அந்த மூன்றில் ஒன்று நான்.

சென்னையில் யாருப்பா உழுகிறார்கள்
என்று கூட்டாளி மொக்கராசுவைக் கேட்டேன்.
மாடித்தோட்டம் இப்ப பெருசா நடக்குதுண்ணே
என்றான், சிரிக்காமல்.
நாற்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டர் ஏறுகிற மாடி
எந்தத் தெருவில் இருக்கிறதோ.
ஆனாலும் புள்ளி பொய் சொல்லுமா?
அம்பத்தூரில் கிட்டங்கிக்கு முன்பணம் போட்டோம்.
பாண்டியனில் இரண்டு பெர்த்,
அடியில் ஒரு சாக்கு மாதிரிக் கத்தி.
திருச்சியில் ரயில்வே போலீஸ்காரர் எழுப்பி
இவ்வளவு கத்தி எதுக்கு என்றார்.
உழ, என்றான் மொக்கராசு.
எங்க?
மெட்ராஸ்ல.
விடியும்வரை விசாரணை.

மூன்று நாள் அலைந்து விற்றது நான்கு கத்தி.
வாங்கியவர் செங்கல்பட்டு.

திரும்பி வந்த புதன்கிழமை
செக்கானூரணி ஒச்சப்பன் கடைக்குள் வந்தார்,
முழங்கால்வரை சேறு காய்ந்த வேட்டி.
மூணு மாசமா பாக்குறேன் தம்பி, அந்த சி கத்தியத்தான்.
வெல போடாம வச்சிருந்தா எப்படி வர்றது?
இப்ப ஒருதரம் திறங்க, என்றேன்.
திறந்தார்,
என் மேசை விசிறிக் காற்றில், என் கண்ணெதிரே.
வரைபடத்தில் புதிதாக ஒரு புள்ளி மினுங்கியது.
சென்னை அறுபத்திரண்டு.

டவருக்குக் கேபிள் இழுக்கிற சிக்கந்தர்
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்:
போன் பேசுறது நம்ம டவர்லதான் பாய்.
கம்பெனிக்கு வெளிவாசல் சென்னையில.
இவர் அந்த வாசல் வழியா வெளிய போறாரு.
வாசல்ல நிக்கிறவன் வாசலத்தான எழுதுவான்?

மாட்டுத்தாவணியில் இறங்குகிறவனை எல்லாம்
மாட்டுத்தாவணிக்காரன் என்று எழுதுகிற மாதிரியா?
அதேதான்.

நம்பருக்கு எதிரே ஊரை எழுதிய பேரேடு
எவனிடமோ இருக்கிறது,
எப்போது திருத்தினானோ.
வீடு மாறி இரண்டு தேர்தல் போயும்
என் ஓட்டு வில்லாபுரத்தில்தானே கிடக்கிறது.

நாக்பூர் பக்கம் காட்டுக்குள்
ஒன்பது பேர் ஒரே இடத்தில் நிற்கிறார்களே?
எந்த ஊருன்னு தெரியலன்னா
நாட்டுக்கு நடுவுல ஒரு புள்ளி குத்திரும், என்றான்.
ஹாலந்திலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிறவர்?
அது மனுசனே இல்ல. மெஷின்.
எல்லாப் பக்கத்தையும் வாசிச்சுட்டுப் போயிரும்.

ஒரு கத்தி விடாமல் பார்த்து
ஒருநாளும் விலை பேசாத
வாடிக்கையாளர்.

முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.
தளத்தில் ஒரு கட்டம் மட்டும் சேர்த்தேன்:
உங்களுக்கு எந்த ஊர்?
பேரையூர் என்று எழுதினார்கள். எழுமலை.
கள்ளிக்குடி, ஸ்டேஷனுக்குத் தெக்க.
ஒருவர் எழுதியிருந்தார்:
உங்க கடைக்கு எதிர்த்தாப்புல,
ரெண்டு நாளா ஷட்டர் பூட்டியே கெடக்கு.

ராத்திரி ஒன்பதரை. டோல்கேட் பக்கம் லாரிகள் உறுமுகின்றன.
மதுரை மூன்றில் ஒன்று நான்தானா என்று
போனில் என் தளத்தை நானே திறந்தேன்.
மதுரை அசையவில்லை.
கோயம்புத்தூரில் ஒரு புள்ளி விழுந்தது.

அதே நேரம் தவமணி கூப்பிட்டாள்.
எங்க இருக்கீங்க?
கோயம்புத்தூர், என்றேன், திரையைப் பார்த்தபடி.
சரி, வர்ற வழியில
திருமங்கலம் கேட்டுக்கிட்ட ரெண்டு பால் பாக்கெட்டு,
நீலக் கலரு,
என்று வைத்துவிட்டாள்.