திரும்பும் இடம்

மருந்துச் சீட்டின் முதுகில் எழுதுகிறேன்.
இரவு மூன்று மணி. வார்டு தூங்குகிறது,
பன்னிரண்டாம் கட்டில் தவிர.

சனி மதியம் இரண்டு: நெய்யூர்.
தக்கலையில் பெட்ரோல், ஐந்து வண்டிக்கும்,
டெல்ஃபினின் முள் பாதி என்று சொன்னாலும்.
அது பொய் சொல்லும் முள்.
குலசேகரத்தில் சாயா, பழம்பொரி, கழிவறை.
பேச்சிப்பாறை தாண்டினால் போனில் கோடு நிற்காது;
வெள்ளிக்கிழமையே வீடுகளில் சொல்லிவிட வேண்டும்,
இல்லையென்றால் சுசிதாவின் மாமியார்
எட்டு மணிக்கே போலீசுக்குப் போவார்.
இருட்டும் முன் கோதையாறு.
நபீஸாவின் மச்சான் ரப்பர் கழகத்தில் இருக்கிறார்,
குவாட்டர்ஸ் சாவி தருவார்.
பாய் மூன்றுதான் உண்டாம்.

நபீஸா ஒருத்திதான் மலை ஏறி ஓட்டியவள்.
சுசிதா வலப்பக்கம் திரும்பவே மாட்டாள்,
இடது இடதாகச் சுற்றித்தான் சந்தைக்குப் போவாள்.
டெல்ஃபினுக்குப் பயமில்லை,
அதுதான் என் பயம்.
தங்கபாய்க்கு ஐம்பத்து மூன்று வயது.
எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கிப் பதினாறு நாள்.

வேகக்காரியை முன்னால் விட்டால்
பின்னால் வருகிறவர்கள்
தங்கள் வண்டியை ஓட்டமாட்டார்கள்,
அவள் வண்டியை ஓட்டுவார்கள்.
ஆகவே தங்கபாய் முதலில்.
அவள் போகிற வேகமே எங்கள் வேகம்.
கடைசியில் நபீஸா, பஞ்சர் பெட்டியோடு.
டெல்ஃபின் நடுவில்,
எனக்கும் சுசிதாவுக்கும் இடையே
ஈரத்துணியில் சுற்றிய வெடிபோல.

தையில் போகலாம் என்றது நான்தான்.
மழை விட்டிருக்கும், அட்டை இருக்காது,
அப்படித்தான் கணக்குப் போட்டேன்.
தையில் ரப்பர் இலை உதிர்க்கும் என்பது
கணக்கில் வரவில்லை.
தோட்டத்துக்குள் ரோடு எது, ஓடை எது என்று தெரியாமல்
கணுக்கால் ஆழத்துக்குக் காவிநிறத்தில் கிடக்கும்.
அதன்மேல் வழிதவறி ஒரு மழை பெய்தால்
சோப்புத் தேய்த்த தரை.
பால்வெட்டும் நின்றிருக்கும்.
விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

விழுவது எனக்குத் தெரியும்.
மூன்று வருடம் முன், திற்பரப்பு வளைவில்,
எதிரே லாரி இல்லை, நாய் இல்லை,
சும்மா விழுந்தேன்.
முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.
அதற்குப் பிறகு இருட்டில் ஓட்டியதில்லை.
யாரிடமும் சொன்னதும் இல்லை.
திட்டம் போடுகிறவளிடம்
உனக்கு ஓட்டத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்?

தங்கபாய் ஊசிமருந்துத் தட்டோடு வந்தாள்.
சீட்டை எடுத்தாள், கண்ணாடியைத் தேடிப் போட்டாள்,
உதடு அசைய அசைய வாசித்தாள்.
“எல்லாம் கொள்ளாம்.
திரும்புகது எங்க வச்சுண்ணு எழுதலியே?”
ஞாயிறு காலை, பத்து மணிக்கு, என்றேன்.
“அது போய்ச் சேந்த பொறவு.
நான் கேட்டது, போய்ச் சேர முடியாட்டா.”

பேனா கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு எழுதினேன்:
பேச்சிப்பாறை அணை. நாலரை மணி.
வானம் மூடியிருந்தால், ஒருத்தி கை நடுங்கினால்,
எல்லாருமாகத் திரும்புவோம்.
குலசேகரத்தில் புரோட்டா தின்போம்.
ஏன் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

கை நடுங்குகிறவள் பெயருக்கு
ஒரு கோடு விட்டிருந்தேன், விளையாட்டுக்குத்தான்.
தங்கபாய் அதில் விரல் வைத்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
விரலை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் கட்டில் தண்ணீர் கேட்டது.
டம்ளரோடு நடந்தவள் பாதியில் நின்று
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
“டியூட்டி முடிஞ்சு வண்டி ஷெட்டுக்குப் பின்னால வா.
ஒரு சாக்கு ரப்பர் இலை கொண்டாந்து தட்டியிருக்கேன்.
தண்ணியும் ஒழிச்சு வச்சாச்சு.
அதுக்க மேல ரெண்டுபேரும்
பிரேக் பிடிச்சுப் பாப்போம், பைய.”