நான்காம் ஜன்னல்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி வெள்ளையாய் இறுகிக் கிடக்கிறது.
கல்லூரிக் கட்டண அலுவலகத்தில்
நான்காம் ஜன்னல் என்னுடையது.
லாவெர்ன் நீமி. பதினோரு வருடம்.
முழங்காலருகே பாதி எரியும் ஹீட்டர்.

கையுறை கழற்றாமலே
படிவத்தைத் தள்ளினாள் அந்தப் பெண்.
ஜெரோடிச். கென்யா. நர்சிங், முதல் வருடம்.
'டியூஷன்' என்ற கட்டத்தில்
தொகை நிற்க வேண்டிய இடத்தில்
எழுதியிருந்தாள்:
கணக்கு. செவ்வாய், வியாழன். ஆறிலிருந்து எட்டு.
வேதியியலுக்கு இன்னும் யாரும் அமையவில்லை.

சிரித்துவிட்டேன்.
வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது நீ கட்ட வேண்டிய பணம்."

"எங்கள் பக்கம் அது பாடம்.
லீவில் வாத்தியார் வரச்சொல்லி,
தகரக் கூரைக்கடியில்
மழையை மீறிக் கத்திக் கத்தி நடத்துவாரே,
அதுதான் டியூஷன்.
அதற்குக் கொடுப்பது வெறும் காசு."

பிறகு, கோபமே இல்லாமல்:
"அப்படியானால் இங்கே
வாத்தியார் செய்வதற்கு என்ன பெயர்?"

பின்னால் யாரோ இருமினார்கள்.
எங்கள் கையேடு நாற்பத்திரண்டு பக்கம்.
தவணை உண்டு, தாமதத்துக்கு அபராதம் உண்டு,
பனியில் கார் நிறுத்தக் கட்டணம் உண்டு,
தொலைந்த அட்டைக்கு இருபது டாலர்.
அவள் கேட்டதற்கு
ஒரு வரி இல்லை.

மதியம் சூப் ஆறும்வரை
அகராதியைப் புரட்டினேன்.
லத்தீனாம்.
முதலில் அது பணமுமில்லை, பாடமுமில்லை.
கண் வைத்துக் காப்பது.
'கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்று
பக்கத்து வீட்டில் விட்டுப் போவோமே,
அந்தப் பார்த்துக்கொள்வது.
காவல் தேய்ந்து பாடமாகி,
பாடம் தேய்ந்து பில்லாகி,
பில் வந்து சேர்ந்த இடம்
என் கண்ணாடி.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
கட்டாதவர்களை நீக்குவது என் வேலை.
ஐம்பத்தொரு பெயர், ஒரே பொத்தான்.
பதினேழாவதாக அவள்:
நாலாயிரத்து நூற்றுப் பதினாறு டாலர், முப்பது சென்ட்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஐம்பது பெயரை நீக்கிவிட்டேன்,
அதில் எத்தனை பேருக்கு
என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்ததோ.

ஒன்றை மட்டும் 'பரிசீலனையில்' என்று நகர்த்தினேன்.
நாலு நாள் தாங்கும்.
காரணம் கேட்டது திரை.
வேறெதுவும் தோன்றாமல்
அவள் எழுதியதையே அடித்தேன்:
கணக்கு. செவ்வாய், வியாழன். ஆறிலிருந்து எட்டு.

திங்கட்கிழமை
மேலாளர் கூப்பிடுவார்,
இது என்ன புதுக் குறியீடு என்று.