கொம்புக் கணக்கு

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
எங்கள் கராஜில் கார் நின்றதே இல்லை.
காலை ஏழுக்குப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள்.
பதினோரு மணிக்கு அது டாக்சி ஆகும்.

நாலு வரிசை நாற்காலி,
ஸ்டியரிங்குக்கு ஒரு நெளிந்த எவர்சில்வர் தட்டு.
ஓட்டுநர் யுகேந்திரன், வயது நாலரை.
ஹார்ன் அவன் தொண்டைக்குள்ளேயே இருக்கிறது.

காசு பின்னாலிருந்து முன்னால் வரும்
கை மாறிக் கை மாறி,
ஈரக் கை, பிஸ்கட் ஒட்டிய கை.
முன்சீட்டில் இருப்பவர்தான் எண்ண வேண்டும்.
அது தெருவில் உள்ள சட்டம், நான் போட்டதல்ல.

ஒன்று, இரண்டு, ஐந்து என்று
அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.
அட்டையை வெயில் மறைப்பாக மாட்டிக்கொண்டார்கள்.
அவர்கள் கணக்கே வேறு:
ஒரே தாவாகத் தாவுகிற ஸ்பிரிங்பாக் ஒரு ராண்ட்.
குடு மானுக்கு இரண்டு கொம்பு, ஆகவே இரண்டு.
வில்டபீஸ்ட் ஐந்து,
நாலு காலும் ஒரு வாலும்.
பத்து சென்ட்டில் இருப்பது வெறும் பூ.
பத்துப் பூ மேய்ந்தால்தான்
ஒரு ஸ்பிரிங்பாக்குக்குப் பசி அடங்கும்.
தீர்த்தனா மட்டும் ஒன்பதிலேயே
"போதும், வயித்த வலிக்கும்" என்று நிறுத்திவிடுவாள்.
அன்றைக்கெல்லாம் டாக்சி
பத்து சென்ட் நஷ்டத்தில் ஓடும்.

செவ்வாய்க்கிழமை லுவாண்ட்லே
புது ஐந்து ராண்ட் ஒன்று கொண்டுவந்தான்.
அதில் திமிங்கலம்.
வண்டி நின்றது.
கால் இல்லை. கொம்பு இல்லை.
வாலை எண்ணினால் ஒன்று,
வாலின் பிளவை எண்ணினால் இரண்டு.
"செல்லாது" என்றான் ஓட்டுநர். "இறங்கு."

நான் வாயைத் திறப்பதற்குள்
லுவாண்ட்லே கன்னம் இரண்டையும் உப்பி
மூச்சை அடக்கிக்கொண்டான்.
கண் பிதுங்க
ஒவ்வொரு விரலாக விரிந்தது.
ஐந்தாவதில் புஸ்ஸென்று விட்டான்,
முன்சீட்டுக்காரி முகமெல்லாம் எச்சில்.
யாரும் அழவில்லை. ஐந்து, சரி.

அதன் பிறகு திமிங்கலம் வரும்போதெல்லாம்
டாக்சியே முங்குகிறது,
ஐந்து எண்ணி எழுகிறது.
திடீரென்று சத்தம் இல்லையே என்று
பக்கத்து வீட்டு சரோஜெனி ஒருநாள்
மாவு கையோடு ஓடி வந்தாள்.

வெள்ளி மாலை ஹிகின்சன் சாலையில்
நிஜ டாக்சி. முன்சீட் எனக்கு.
மழை. கண்ணாடியெல்லாம் ஆவி.
பதினான்கு பேர் காசு என் மடிக்கு வந்தது.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நடுவில் ஒரு திமிங்கலம் தட்டுப்பட்டபோது
என்னை அறியாமல் மூச்சு நின்றது.

"எவ்வளவு குறைகிறது?"
சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்
ஓட்டுநர் ஜூலுவில் கேட்டார்.
நானும் ஜூலுவில்தான் சொன்னேன்:
"இரண்டு கொம்பு."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.
பிறகு கடைசி வரிசையில்
யாரோ பையைத் துழாவும் ஓசை.
தோள் தொட்டுத் தோள் தொட்டு
ஒரு குடு வந்து சேர்ந்தது,
இன்னும் சூடு ஆறாமல்.