விநோதம்

கையில் டேப்லெட்டோடு வந்த பெண்
நின்றவாக்கிலேயே கேட்டாள்:
"ஞாயறாழ்ச்ச எந்தாணு விநோதம்?"
பங்கிராஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"நம்மகிட்ட என்னுங்க விநோதம்,
எல்லாரையும் போலத்தானுங்க இருக்கறோம்."

அவளுக்குச் சிரிப்பு. பிறகு தமிழில்,
பொழுதுபோக்காக வெளியே போவதுண்டா,
பார்க், சினிமா, டேம், சொந்தக்காரர் வீடு?
"இல்லீங்க. பெட்ரோல் போடப் போவோம்."
அத்தியாவசியம் என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் வாய் திறக்கவில்லை.

பால் சொசைட்டியில் கணக்கெழுதுகிறவள்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று என்றால்
கேனை மூடுவதற்குள் காசு சொல்லிவிடுவேன்.
எனக்கா தெரியாது?
அக்கட்டத் தமிழ்நாட்டில் லிட்டருக்கு அஞ்சு ரூபாய் குறைவு.
டேங்க் கொள்வது அஞ்சு லிட்டர்.
மிச்சம் இருபத்தஞ்சு.
போக வர இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு
இந்தக் கிழட்டு ஸ்கூட்டர் குடிப்பது அறுபது ரூபாய்.
காளான் ரெண்டு பிளேட், டீ ரெண்டு,
அதையெல்லாம் நான் கூட்டுவதே இல்லை.

ஒன்பது வருஷமாகக் கூட்டவில்லை.

கோயில் பூசை முடிந்து, சோறாக்கி, தின்று,
வெயில் தாழ்ந்ததும்
"பெட்ரோல் போட்டுட்டு வந்தர்லாமா?" என்பார்
ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தமாதிரி.
நானும், "அப்படியா, தீந்துபோச்சா?" என்பேன்.
நல்ல சேலையைக் காலையிலிருந்து அவிழ்த்திருக்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை தாண்டினால் காற்று.
கணவாய்க் காற்றுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது,
பனைகளைப் பிடித்து உலுக்கும்,
நான் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வேன்.
எதிரே அந்தப் பக்கத்து ஆம்பளைகள்
ஒரு பைக்கில் மூன்று பேர்
கள்ளுக்கும் லாட்டரிக்கும் இங்கே வருகிறார்கள்.
எங்களுக்கு அங்கே. அவர்களுக்கு இங்கே.
செக்போஸ்ட்டில் கோழிக்காய்ச்சல் மருந்தை
எல்லோருடைய சக்கரத்துக்கும் ஒரேமாதிரி அடிக்கிறார்கள்.

கோபாலபுரத்துக் காளான் வண்டிக்காரன்
எனக்கு வெங்காயம் தூக்கலாகப் போடுவான்.
இவர் கருகின துண்டாகப் பார்த்து
என் பிளேட்டுக்குத் தள்ளுவார்.
பேச்சு என்று பெரிதாக இருக்காது.
இந்த ரோட்டுக்கு எப்போது தார் போடுவான்,
ஜெபமாலையின் மருமகள் ஏன் இன்னும் வரவில்லை,
அவ்வளவுதான்.
வீட்டில் இதைக்கூடப் பேசுவதில்லை.

போன மாசம் ஒரு ஞாயிறு.
பங்க்கில் புதுப் பையன்,
மூடியைத் திறந்தபடி, "ஃபுல்லுங்களா?" என்றான்.
வழக்கமாக நான் கழிப்பறைப் பக்கம் போயிருக்கும் நேரம்.
அன்று போகவில்லை, பின்னாலேயே நின்றேன்.
இவருக்குத் தெரியாது.
"நூறுக்கு மட்டும் போடு கண்ணு,"
குரலைத் தாழ்த்திக்கொண்டு,
கடன் கேட்கிறவர் போல.

நூறுக்கு ஒரு லிட்டர்.
ஒரு லிட்டருக்கு மிச்சம் அஞ்சு ரூபாய்.
ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தபடி
நான் இரண்டடி பின்வாங்கி
இப்போதுதான் வருகிறவள்போல் செருமினேன்.
"போலாமா," என்றார். "போலாம்," என்றேன்.
திரும்பும்போது காற்று முதுகில் இல்லை, முகத்தில்.
கண்ணில் தூசி விழுந்தது, துடைத்துக்கொண்டேன்.
தூசிதான்.

அந்த வாரம் திங்கள் முதல் சனிவரை
அவர் மில்லுக்குப் பஸ்ஸில் போனார்.
ஸ்கூட்டர் சாய்ப்பில் சும்மா நின்றது.
ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு
டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டே சொன்னார்:
"பெட்ரோல் தீந்துபோயிரும்ல.
அப்பறம் ஞாயித்துக்கெழம
பெட்ரோல் போட எப்படிப் போறது?"