ரெஜிபோம் வீடு

"நம்மட ஊரில நாய்க்கும் குளிருமா கா?"
வேலிக்கு அப்பால் நின்று நாலுபேர் சிரித்தார்கள்.
போன மார்கழி, ஒரே இரவில்,
வயற்கண்டத்தில் பதினொரு மாடுகள்
மழையில் விறைத்து
விடியச் சரிந்து கிடந்ததை
அவர்களும்தான் பார்த்தார்கள்.
நான் பதில் சொல்லவில்லை.
வாயில் ஆணி இருந்தது.

இருபத்தாறு வருடமாய் பிரிட்ஜ் திருத்துகிறேன்.
வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் அறைகளிலும் என் கை பட்டிருக்கிறது.
குளிரை உள்ளே பிடித்துவைக்கத் தெரியும்.
வெளியே நிறுத்தவும் அதே சுவர் போதும் என்று
இத்தனை நாள் தோன்றவேயில்லை.

அவள் பெயர் கொம்பிறசர்.
கடைக்குப் பின்னால், ஓடுகிற மோட்டரின் சூட்டில்
முதுகை ஒட்டிப் படுத்திருந்தவளுக்கு
மகள் திலக்ஷி வைத்தது.
கூப்பிடுவது கொம்பி.
மழை பிடித்தால் இங்கே கரண்ட் நிற்காது.
மோட்டர் அடங்கும்,
இரும்பு ஆறும்,
அப்போதும் அவள் அதையேதான் ஒட்டிக்கொண்டு கிடப்பாள்.

பெட்டிகள் ஓட்டமாவடி ஆதம்பாவாவிடம்.
நாயைத் தொடமாட்டார் அவர்.
ஆனாலும் மீன்பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்து
மூலை உடையாத நாலைத் தெரிந்து தந்தார்.
"அடியில ஓட்டை ஒண்டு விடுங்க.
தண்ணி வடியாட்டி ஐஸும் நிக்காது,
உசிரும் நிக்காது."

வைக்கோல் பூபாலபிள்ளையிடம்.
காசை நீட்டினேன், வாங்கவில்லை.
"தின்ன ஆளில்ல" என்றார்.
வேறொன்றும் சொல்லாமல்
இரண்டு கட்டை லேண்ட்மாஸ்டரில் ஏற்றிவிட்டார்.
அந்தப் பதினொன்றும் அவருடையவை.

நாலு சீமெந்துக் கல், அதன்மேல் தளம்;
வெள்ளம் முழங்கால்வரை வரும் வளவு இது.
பலகை, ரெஜிபோம், மறுபடி பலகை.
வாடை வருகிற பக்கம் முதுகு,
தென்மேற்கே வாசல்,
வாசலுக்குக் கிழிந்த டயர் டியூபில் ஒரு திரை.
திலக்ஷி தையல் டேப்பால் கொம்பியை அளந்தாள்.
நிற்க, திரும்ப, சுருள, அவ்வளவே இடம்.
"இன்னும் கொஞ்சம் பெரிசாக் கட்டினால் என்ன,
சீவன் நிமிர்ந்து கிடக்கட்டுமே" என்றாள் மனைவி.
பெரிய அறையை நிரப்ப அவளிடம் சூடு இல்லை என்றேன்.
பழைய சாரத்தை விரிக்கக் கொண்டுவந்தாள்.
துணி தண்ணீர் குடிக்கும் என்றேன்.
"எல்லாத்துக்கும் ஒரு நியாயம் வெச்சிருப்பீங்க"
என்று சாரத்தை மடித்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் கொம்பி உள்ளே போகவில்லை.
இரண்டாம் நாள் தகரத்தின் மேல் ஏறிப் படுத்தாள்.
மூன்றாம் நாள் கல்லுகளுக்கு நடுவே, வீட்டுக்குக் கீழே.
வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர்
"வீடு குடிபுகல் எப்ப?" என்று கேட்டார்.

நாலாம் இரவு கரண்ட் போனது.
மழை சரிந்து விழவில்லை, கிடையாய் வந்தது.
குடையைக் காற்று மடக்கியதும் எறிந்துவிட்டு
டோர்ச்சோடு போனேன்.
மோட்டரடியில் அவள் இல்லை.
டியூபை விலக்கிக் கையை நுழைத்தேன்.
ஈரமூக்கு ஒன்று விரலை முட்டியது.
அதற்கு அப்பால், வைக்கோலுக்குள்,
பல்லு அடித்துக்கொண்டிருந்த எனக்கு
நம்பமுடியாத வெதுவெதுப்பு.

அந்தப் பெட்டியில் வயர் இல்லை, மோட்டர் இல்லை.
நான் கொடுத்தது ஒன்றுமில்லை.
அவளுடையதை அவளிடமிருந்து
யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டது,
மீன் நாறும் நாலு பெட்டி.
கையை எடுக்க மனம் வராமல்
மழையில் முதுகு நனைய
குந்தியபடியே இருந்தேன்.

காலையில் கொம்பி வெளியே வந்தாள்.
மூஞ்சி முழுக்க வெள்ளை மணிகள்.
மேல்மூடிக்கு மட்டும் உள்பலகை போதாமல் விட்டிருந்தேன்;
சூரையும் கும்பளாவும் ஊறிய அந்த மூடியில்
ஒரு சாண் காணவில்லை.

ஆதம்பாவாவுக்கு அழைத்தேன்.
"இன்னொரு மூடி கிடக்குமா?"
"ஏன், வீடு ஒழுகுதா?"
"இல்ல காக்கா. தின்னுறாள்."