எல்லாம் ஐந்து பிராங்க்

ஓல்டன் பழம்பொருள் கடையின் கீழ்த்தளத்தில்
செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வேலை.
யாரோ கொண்டுவந்து கொட்டிய விளையாட்டுகளை
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து
மட்டையில் எழுத வேண்டும்: ஓடும். ஓடாது.
அதற்கு மேல் ஒரு சொல்லுக்கும் இடமில்லை.

விலை? எல்லாம் ஐந்து பிராங்க் என்கிறார் ஏபிஷர் அம்மா.
நல்லதும் ஐந்து, நாசமும் ஐந்து.
எனக்கு இது பொறுக்கவில்லை.

டெட்ரிஸ், அந்தச் சாம்பல் நிறக் கைப்பெட்டியில் என்றால்,
நாற்பதுக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது.
அதற்கு உள்வெளிச்சம் கிடையாது.
பாசலுக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில்
ஹவன்ஸ்டைன் சுரங்கத்துக்குள் ரயில் புகுந்ததும்
மேல்விளக்கு திரையில் பட்டு
கட்டைகள் மறைந்து என் முகம்தான் தெரியும்.
நிறுத்தி வைக்கலாம். ஒருநாளும் நிறுத்தவில்லை.
நெற்றியிலும் மூக்கிலும் கட்டை அடுக்கிக்கொண்டே
மறுபக்கம் வெளிச்சத்துக்கு வருவேன்.
வண்ணத்தில் வந்த புதியது?
வடிவு. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கார் ஓட்டும் விளையாட்டுக்கு இரண்டு பிராங்க்.
எல்லோரும் போகும் திசைக்கு எதிரே திருப்பி
அந்த மரங்களுக்குப் பின்னால் என்ன என்று போய்ப் பார்ப்பேன்.
புல்லின் நடுவே
கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் கார்.
சரி, மூன்று. அந்த முட்டும் சத்தத்துக்காக.

கால்பந்து: ஆண்டுக்கொன்று, அட்டையில் வேறு முகம்.
என் கணவரின் தம்பி தவநேசன் பதினேழும் வைத்திருக்கிறான்.
அட்டையை மறைத்துவிட்டு விளையாடக் கொடுத்தால்
எது எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டான்.
விலை இல்லை. எடுத்துப் போங்கள்.

போர் விளையாட்டை நான் அணைத்துவிடுவேன்.
ஏபிஷர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு நினைக்கிறாரே,
அந்தக் காரணம் மட்டும் அல்ல.
அந்த ஊரின் கதவுகள் எல்லாம் சுவரில் வரைந்தவை.
ஒரு வீடும் திறக்காது. ஒரு வீட்டிலும் அடுப்பில்லை.
இலைக்கு நரம்பு வரைய மட்டும்
அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

புதிதாய் வருகிற பெரிய பெரிய உலகங்கள்:
வரைபடம் முழுக்க அம்மை போட்டதுபோல் குறிகள்,
தொள்ளாயிரம் சில்லறை வேலைகள்.
மருத்துவமனைச் சமையலறையில்
மிச்ச நாட்களின் என் காலைப் பட்டியலே இதைவிடச் சின்னது.
அதற்குச் சம்பளமும் உண்டு.

தோட்டம் செய்யும் விளையாட்டு சுத்தப் பொய்.
முள்ளங்கி நாலே நாளில் முற்றுகிறது.
ஒரு நத்தை வந்ததா? வரவில்லை.
ஆரே ஆற்றோரம் என் வாடகைத் துண்டு நிலத்தில்
என் கீரையை அவை இரவிரவாய்த் தின்கின்றன.
பொய், பொய், பொய்.
முந்நூற்றுப் பதினொரு மணி நேரம் விளையாடியிருக்கிறேன்.
அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை.

கடைசியாய் ஒன்று.
பெயர் கிழிந்த அட்டை, கீறல் விழுந்த தட்டு.
ஒரு பெண் ஓர் ஊருக்குள் நடக்கிறாள், அவ்வளவுதான்.
தூரத்தை வரைய அன்று அந்த இயந்திரத்துக்கு வலுவில்லை;
புகாரை இழுத்து மூடிவிட்டார்கள்.
பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை.
நடந்தால் ஒரு வேலி. இன்னும் நடந்தால்
ஒரு தபால்பெட்டி, வாய் திறந்தபடி.
கையில் காசில்லாதவன் செய்த கெட்டிக்காரத்தனம்.
எவ்வளவு போடுவது?
சுற்றிலும் பார்த்துவிட்டு
மட்டையில் எழுதினேன்: ஓடாது.

"ஓடாததை வைத்து என்ன செய்ய,
வேண்டுமென்றால் கொண்டு போங்கள், சும்மா"
என்றார் ஏபிஷர் அம்மா.
கோப்பி உண்டியலில் ஐந்து பிராங்க் போட்டேன்.
மேய்ப்பன் தலை பதித்த அந்தக் கனத்த காசு
தேவைக்கு மேல் சத்தம் போட்டு விழுந்தது.
திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை.

வெளியே நவம்பர்.
மரப்பாலத்தில் ஏறினால்
அக்கரை இன்னும் வரையப்படவில்லை.
பையை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தேன்.
ஒரு தூண் வந்தது.
பிறகு ஒரு சைக்கிள்:
முதலில் மணி,
அப்புறம் ஆள்.